ஒருதரம் திறந்தால் போதும்

மதிக்கத் தகுந்த மனுசன் என்று ஒருத்தனும் சின்னண்ணனுக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஐம்பத்தேழு வயதாகிறது. இன்னும் தேடுகிறார் என்று சொன்னால் பொய். தேடுவதை முப்பது வயதிலேயே விட்டுவிட்டார்.

நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரிப் பட்டறைகள் முட்டிக்கொண்டு நிற்கும் வரிசையில், டயர்க்கடைக்கும் ரேடியேட்டர் கடைக்கும் நடுவே அவருடைய தகரக் கொட்டகை. முகப்பில் ஆறடி நீளத் தேக்குப் பலகை. மஞ்சளில் சிவப்பெழுத்து: "சின்னண்ணன் கிரவுன் ஒர்க்ஸ். ஒருதரம் திறந்தால் போதும்." மற்ற பட்டறைகளில் சாமி படம் மாட்டும் இடத்தில் இவர் இந்தப் பலகையை மாட்டியிருந்தார். வாரம் ஒருநாள் டீசல் துணியால் துடைப்பார். வேறு எதையும் அவர் துடைத்து யாரும் பார்த்ததில்லை.

பெயரே அவருக்கு ஒரு வசதி. போர்வெல் ரிக் முதலாளி, கோழிப்பண்ணை முதலாளி, எழுபது வயதுக் கிழவர், யார் கூப்பிட்டாலும் அண்ணன் என்றுதான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. பதிலுக்கு அவர் எல்லாரையும் சாமி என்றார். அந்தப் பக்கத்தில் பெரியவரையும் குழந்தையையும் அன்பாகச் சாமி என்று கூப்பிடுவது வழக்கம்தான். சின்னண்ணன் வாயில் அது வேறு சரக்கு. "வாங்க சாமி" என்றால் வந்தவன் முட்டாள். "சொல்லுங்க சாமி" என்றால் அதை இப்போது நிரூபிக்கப் போகிறான். வெறுமனே "சாமி" என்று மூச்சு விட்டால் நிரூபித்துவிட்டான்.

அவர் தெரிந்து வைத்திருந்த வேலை ஒன்றே ஒன்று. லாரியின் பின் அச்சு நடுவில் குடம்போல வீங்கியிருக்குமே, ஹவுசிங் என்பார்கள், அதற்குள் இருக்கும் பல்சக்கரங்கள். புத்தகத்தில் டிஃபரன்ஷியல் என்று போட்டிருக்கும். உள்ளே பெரிய சக்கரம் கிரவுன். அதைக் கடித்துச் சுற்றுகிற சின்னது பினியன். இரண்டுக்கும் நடுவே முடியளவு இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் ஊளையிடும், குறைந்தால் தின்றுகொள்ளும். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம் அவருடையது. நான்கு மகன்களில் மூன்றாவது. வெற்றிலை கிள்ளப் பிடிக்காமல் லாரி ஏறியவர், நாக்பூருக்கு அந்தப் பக்கம் பல் உடைந்த வண்டியோடு ஆறு நாள் கிடந்தபோது இந்த வேலையைக் கண்டுகொண்டார். அந்த ஆறு நாளில் டிரைவர் அழுதான், முதலாளி போனில் திட்டினார், வந்த மெக்கானிக் மூன்று தடவை திறந்து மூன்று தடவை மூடினான். மூன்று பேரையும் அவர் அன்றே வெறுத்துவிட்டார். தான் திறந்தால் ஒருதரம்தான் திறக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார். முப்பத்து மூன்று வருடமாக அப்படித்தான் நடந்தும் வந்தது. அவர் மூடிய ஹவுசிங் வேலைக்குறை என்று திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயர் இல்லையென்றால் அவர் வாயை ஒருத்தனும் பொறுத்திருக்க மாட்டான். அது அவருக்கும் தெரியும்.

சபரிநாதன் வந்தது ஐப்பசி மாதத்தில் ஒரு காலை. மோகனூர் ரோட்டில் கோழித்தீவன மில் வைத்திருப்பவரின் மகன், முப்பது வயது. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்றில் வந்து இறங்கினான். மேலே நான்கு விளக்கு. பக்கவாட்டில் கூரை வரைக்கும் ஒரு கறுப்புக் குழாய். கதவில் சேறு தெறித்த மாதிரி அச்சடித்த ஸ்டிக்கர். வண்டியில் இருந்த ஒரே சேறு அதுதான்.

"இந்தக் கொழா எதுக்குங்க சாமி?"

"தண்ணிக்குள்ள போனாலும் இன்ஜின் மூச்சு உடுங்கண்ணா."

"காவேரில மொதல்ல தண்ணி மூச்சு உடட்டும். அப்பறம் உன்ற இன்ஜின் உடும். சொல்லுங்க சாமி, என்ன வேணும்?"

முன் டிஃபரன்ஷியலை நல்லதாக மாற்ற வேண்டும் என்றான் சபரிநாதன். மார்கழி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை அடிவாரக் கல்லாங்காட்டில் ஜீப் போட்டி. போன தடவை இரண்டாவது மேட்டிலேயே சிக்கி, எல்லாரும் கைதட்ட டிராக்டர் வைத்து இழுத்தார்களாம்.

சின்னண்ணன் முன் ஹவுசிங்கின் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, கையை உள்ளே விட்டுத் துழாவினார். காலி. ஏலத்துக்கு முன்னால் யாரோ உள்ளே இருந்ததையெல்லாம் உருவிக்கொண்டு, மூடியை மட்டும் பொறுப்பாக முடுக்கி அனுப்பியிருந்தார்கள்.

"எட்டு மாசமா ஃபோர் வீல் போட்டு ஓட்டறேனுங்கண்ணா! லீவரத் தள்ளுனா நல்லா இழுத்துதே!"

"இழுத்துது. உன்ற மனசு." கையைத் துடைத்துக்கொண்டார். "சாமி..." என்று மூச்சு விட்டார்.

சபரிநாதன் போனில் நான்கு வகை சேகரித்து வைத்திருந்தான். எதிர்ப்பக்கம் கண்ணாடிக் கதவும் லேப்டாப்பும் வைத்துப் புதிதாகக் கடை போட்டிருந்த யோகேஷ் ஏற்கெனவே ஒன்றைச் சொல்லியிருந்தான். இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பிணைத்துத் தானாகவே பூட்டிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் லாக்கர். அந்தப் பெயரைக் கேட்டதும் சின்னண்ணனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. ஆயில் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

"கேட்டுக்க. சாதா டிஃபரன்ஷியல்ல ஒரு சக்கரம் அந்தரத்துல நின்னுதுன்னா இருக்கற தெம்பெல்லாம் அதுக்குத்தான் போவும். மண்ணுல நிக்கறவன் பட்டினி. எங்க ஊட்டுல எங்க பெரியண்ணனாட்ட. அது ஆவாது. லிமிடெட் ஸ்லிப்புன்னு ஒண்ணு காட்டுனியே, அது பாதி புடிக்கும், பாதி உடும். சம்பந்தி வீட்டுப் பேச்சாட்ட. எதிர்க்கடைக்காரஞ் சொன்னது பின்னாலைக்குச் செரி. முன் சக்கரம் திரும்பற சக்கரமல்ல? நீ ஒடிக்கறே, அது பூட்டிக்கிட்டு நேராத்தான் போவேங்குது. மேட்டுல ஸ்டீரிங் உன்ற கைய முறுக்கிப்போடும். லேப்டாப்புல கை முறுக்காது, அதனால அவனுக்குத் தெரியாது."

"அப்ப இந்தக் காத்து லாக்கருங்களா?"

"சுவிட்சப் போட்டாப் பூட்டோணும், எடுத்தா உடோணும். முன்னால வெக்கறது கேட்டாத்தான் பூட்டோணும். கேக்காம பூட்டற சாமானும், கேக்காம புத்தி சொல்றவனும் வண்டிக்கு ஆவாது."

தேர்வு சரிதான். யோகேஷே பிற்பாடு அதை ஒத்துக்கொண்டான். தப்பு நடந்தது அதற்கு அடுத்த காரியத்தில்.

காற்று லாக்கரோடு புதிய கிரவுனும் பினியனும் செட்டாக வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. முன்னால் வைக்கும் பல் கணக்கும் பின்னால் இருக்கும் பல் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது வண்டியின் முன்பாதி ஒரு வேகத்துக்கும் பின்பாதி வேறு வேகத்துக்கும் மல்லுக்கட்டும். முன்னால்தான் காலியாயிற்றே, ஆகவே பின்னால் இருப்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பின் ஹவுசிங் போல்ட்டில் சின்ன அலுமினியத் தகடு ஒன்று தொங்கியது. சபரிநாதன் குனிந்து படித்தான்.

"நாப்பத்தொண்ணு, ஒம்போதுங்கண்ணா. கிரவுன் நாப்பத்தொண்ணு, பினியன் ஒம்போது."

"முன்னால காலிக் கொடத்த மூடி அனுப்புனவன் பின்னால மட்டும் உண்மையான தகட்ட மாட்டி அனுப்புவானாக்கும்?" சின்னண்ணன் தகட்டைப் பிய்த்து, அதை வைத்தே மூடியில் காய்ந்திருந்த கிரீஸைச் சுரண்டி, பழைய போல்ட் டப்பாவில் எறிந்தார். "தகடு பொறந்தப்ப இருந்ததச் சொல்லும். பல்லுதான் இப்ப இருக்கறதச் சொல்லும்."

பின் மூடியைத் திறந்து படுத்துக்கொண்டு எண்ணினார். கிரவுன் நாற்பத்தொன்று, தகடும் அதையேதான் சொன்னது. பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டுப் பினியனைத் தொட்டார். முதல் பல்லில் விரல் வைத்து, "லாபம்" என்றார்.

சபரிநாதன் சிரித்துவிட்டான். "அதென்னங்கண்ணா லாபம்? பல்லுல ஏதுங்க லாபம்?"

சின்னண்ணன் விரலை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார்.

"நீயெல்லாம் தீவன மில்லு வெச்சு என்ன கிழிக்கறே? உங்க தாத்தன் நெல்லளந்தப்ப மொத வள்ளத்துக்கு ஒண்ணுன்னா சொன்னான்? லாபம்னுதான் சொல்லி ஆரம்பிப்பான். வெத்தலை எண்ணுனாலும் அப்படித்தான். ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோட நின்னுபோவுமாம். இங்கிலீஸ்ல எண்ணி எண்ணித்தான் உங்களுக்கு முன்னால என்ன இருக்குது, பின்னால என்ன இருக்குதுன்னு தெரியாம எட்டு மாசம் ஓட்டறீங்க. வாய மூடிக்கிட்டு எழுதிக்க."

பினியனோடு சேர்ந்து சுற்றும் ஷாஃப்ட்டை ஒரு பல் தள்ளினார். விரல் அடுத்த பல்லுக்குப் போனது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு..."

எட்டில் முடிந்தது.

"பாத்தியா? எட்டு. உன்ற தகடு பொய். நாப்பத்தொண்ணு எட்டு செட்டு வரச் சொல்லு."

"ஒருக்கா மறுபடியும் எண்ணிப் பாத்துருலாங்களா?"

"ரெண்டாந்தரம் எண்ணறவன் மொதத்தரம் எண்ணவே இல்லீன்னு அர்த்தம்." சத்தம் கேட்டு டயர்க்கடையிலிருந்தும் எதிர்க்கடையிலிருந்தும் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. அவர்களுக்கும் சேர்த்தே சொன்னார். "என்ற எண்ணிக்க தப்புனா அந்த போர்டை நானே எறக்கிப்போடறேன். போ."

செட்டு வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. பொருத்துவதற்கு இரண்டு நாள். மஞ்சள் மை தடவிப் பல் கடி பார்த்து, காற்றுக் குழாயை அச்சோடு ஒட்டக் கட்டி, எதையும் விடாமல் செய்தார். தார் ரோட்டில் வெறும் பின்சக்கர ஓட்டத்தில் ஒரு முனகல்கூட இல்லை. சபரிநாதன் ஸ்டிக்கரைத் தடவிக் கொடுத்தான்.

போட்டிக்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, ஜேடர்பாளையம் போகும் வழியில் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் ஓட்டிப் பார்த்தார்கள். யோகேஷும் தன் கூட்டாளிகளோடு போனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். சரளை மேட்டில் ஜீப் ஆடு மாதிரி ஏறியது. கெட்டிப் பாறைத் தளத்துக்கு வந்ததும் கதை மாறிற்று. லாக்கர் சுவிட்ச் போடாமலே வண்டி குதித்தது. ஓரெட்டு வைக்கும், உதறும். இன்னோர் எட்டு வைக்கும், கீழே எதுவோ டணீரென்று தெறிக்கும். ஃபோர் வீல் லீவரை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. சபரிநாதன் இரண்டு கையாலும் இழுத்து, காலை டாஷ்போர்டில் உதைத்து, கடைசியில் பின்னால் கொஞ்சம் உருட்டித்தான் லீவரைப் பிடுங்கினான்.

"லாக்கரு பூட்டுனபடியே நின்னுக்குச்சுங்கண்ணா," என்றான் யோகேஷ். "சாமான் டூப்ளிகேட்டா இருக்கும்."

சின்னண்ணனுக்கு அது பொருத்தமாகவே பட்டது. "சாமான் செய்யறவனே சாமியாட்ட இருந்தா பட்டறைக்காரன் என்ன பண்ணுவான்," என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். நாளை சாயங்காலம் லாக்கரைக் கழற்றித் திருப்பி அனுப்புவது என்று பேச்சு. கழற்றுவது சாமானின் குற்றத்துக்காக. ஆகவே அது இரண்டாந்தரம் திறப்பதில் சேராது என்று வழி நெடுகத் தனக்குள் வாதாடிக்கொண்டே வந்தார்.

மறுநாள் மத்தியானம் பொன்னாத்தாள் சோறு கொண்டுவந்தாள். அவருடைய சம்சாரம். பரமத்தி வேலூர் வெற்றிலை மண்டியில் இன்றைக்கும் நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டுகிறவள். பேசிக்கொண்டே எண்ணுவாள், ஒரு வெற்றிலை கூடாது, குறையாது. அவர் சாப்பிட்டுக்கொண்டே லாக்கர் கம்பெனிக்காரனைத் திட்டினார், யோகேஷைத் திட்டினார், பிறகு சபரிநாதனுக்கு வந்தார்.

"லாபம்னா என்னன்னு கேக்கறான் பாரு. தீவன மில்லுக்காரன் மவன். நல்லாக் குடுத்தேன்."

"எண்ணறப்பவுங்களா கேட்டான்?"

"ஆமா. மொதப் பல்லுல வெரலு. அவனுக்குப் பொறப்புலருந்து சொல்லிக் குடுத்துட்டு அப்பறம் எண்ணுனேன்."

பொன்னாத்தாள் மோரை ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அப்பறம் என்னன்னு எடுத்தீங்க? ரெண்டுன்னா, ஒண்ணுன்னா?"

அவர் கை சோற்றிலேயே நின்றது.

"மண்டிக்குப் புதுசா வாரவளுக எல்லாம் பண்ற கோளாறு இது," என்றாள் அவள். "நடுவுல எவனாச்சும் பேச்சுக் குடுத்தா லாபத்த முழுங்கிப்போட்டு ஒண்ணுலருந்து புடிப்பாளுக. உங்களுக்கு எவனும் குடுக்க வேண்டியதில்ல. உங்க வாயே போதுமுங்க." மோரை ஊற்றி முடித்தாள். "சாப்புடுங்க, ஆறுது."

அவர் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு ஜீப்பை நியூட்ரலில் போட்டார். முன்னால் போகும் ஷாஃப்ட்டிலும் பின்னால் போகும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போட்டார். பொன்னாத்தாளை வண்டியைத் தள்ளச் சொல்லி, கூடவே குந்தியபடி நகர்ந்து பார்த்தார். பல் கணக்கு ஒன்றாக இருந்தால் இரண்டு கோடும் சேர்ந்தே சுற்றி வர வேண்டும். பின் ஷாஃப்ட் சரியாக எட்டுச் சுற்று வந்தபோது முன் ஷாஃப்ட் ஒன்பதாவது சுற்றை முடித்துக்கொண்டு வந்து நின்றது. எட்டுக்கு ஒன்பது. டப்பாவுக்குள் கிடந்த தகடு சொன்ன ஒன்பது.

"எத்தனைங்க?" என்றாள் பொன்னாத்தாள், பின்னாலிருந்து மூச்சு வாங்க.

"நீ ஊட்டுக்குப் போ."

"செரிதானுங்க," என்று தூக்குப்போசியை எடுத்துக்கொண்டாள். "இன்னிக்காச்சும் வாய் சித்த ஓய்ஞ்சிருக்கும்."

நாலு மணிக்குச் சபரிநாதன் வந்தான். கூடவே யோகேஷ். சின்னண்ணன் அதற்குள் மூன்று பொய் யோசித்து வைத்திருந்தார், மூன்றுமே நன்றாக இருந்தன. ஆனால் அவற்றுக்குத் தேவையே வரவில்லை. சபரிநாதனே பேச ஆரம்பித்தான். முகம் வாடியிருந்தது, இரவு முழுக்கப் படித்திருப்பான் போலிருந்தது.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. லாக்கரு நல்லாத்தான் இருக்குதுன்னு நெனைக்கறேனுங்க. பல்லு கணக்கு முன்னுக்கும் பின்னுக்கும் மாறுனாத்தான் பாறையில இப்படிக் குதிக்குமாம். ஆர்டர் போட்டது நான்தானுங்களே. நீங்க ஒம்போதுன்னு சொல்லி நான் எட்டுன்னு தட்டிப்போட்டனோ என்னமோ. எம்மேலதான் தப்புங்க."

யோகேஷ் தலையை ஆட்டினான். அவனும் நம்பிவிட்டான். சின்னண்ணன் தப்பு செய்திருப்பார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. முப்பத்து மூன்று வருடத்துப் பெயர் அங்கே நின்று அவருக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. "ஆமா சாமி, பாத்துத் தட்டக் கூடாதா?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் சபரிநாதனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். வாயில் சொன்னதைக் காதில் கேட்டு, கையால் எழுதி, எழுதியதைத் தானே நம்ப மாட்டேன் என்கிற ஒரு ஜென்மம். முன்னால் ஒன்றுமில்லாமல் எட்டு மாதம் ஓட்டியவன். இவன் வந்து தன்னைக் காப்பாற்றிவிட்டுப் போவதா? மற்ற எவன் காப்பாற்றியிருந்தாலும் ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பார்.

"உனக்கு எட்டுன்னு எழுதத் தெரியும்டா," என்றார். "எனக்குத்தான் ஒம்போதுன்னு எண்ணத் தெரியல."

"அண்ணா?"

"லாபம்னுபோட்டு மறுக்கா ஒண்ணுன்னேன். மொதப் பல்ல நாந்தான் முழுங்குனேன். தப்பு என்னுது. அதையும் எடுத்துக்கிட்டுப் போவலாம்னு பாக்காத."

டயர்க்கடைக்காரர் காற்றுப் பிடிப்பதை நிறுத்திவிட்டார். "அப்ப ஞாயித்துக்கெழம போட்டிங்க..." என்று சபரிநாதன் இழுத்தான்.

"போவாது. ஒம்போது செட்டு வந்து, நான் மாட்டி, அப்பறம் போவும். வருசா வருசம் மேடு அங்கயேதான் இருக்கும், ஓடிப்போவாது."

பிறகு ஏணியைச் சாய்த்து ஏறினார். கம்பியை முறுக்கவிழ்த்துப் பலகையை ஒரு பக்கம் தோளில் சாய்த்து இறக்கினார். யோகேஷ் பதறிப்போய்த் தாங்க வந்தான். முழங்கையால் அவனைத் தள்ளிவிட்டார். பலகை இருந்த இடத்தில் தகரம் பளிச்சென்று வேறு நிறத்தில் தெரிந்தது.

"எண்ணிப் பாக்கோணும். மறுக்கா தொறக்கறேன்," என்றார்.

"அண்ணா, எங்கடைல படுத்துக்கிட்டு வேலை பாக்கற உருளை வண்டி இருக்குதுங்க, எடுத்தாரட்டுங்களா?" என்றான் யோகேஷ்.

"உன்ற வண்டி எனக்கெதுக்கு சாமி? எனக்குத்தான் ஆறடியில தேக்கு இருக்குதே."

பலகையை எழுத்து கீழே படும்படி ஜீப்புக்கு அடியில் தள்ளினார். அதன்மேல் மல்லாந்து படுத்து நகர்ந்து உள்ளே போனார். பின் மூடி கழன்றது, ஆயில் சட்டியில் வடிந்தது. வெளியே அவருடைய கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு விரல் உள்ளே போயிற்று.

"லாபம்," என்று கேட்டது அடியிலிருந்து.

சபரிநாதன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

அடியில் ஷாஃப்ட் ஒரு பல் நகர்ந்தது. "ரெண்டு."